வாசலோடு நின்றுவிடும் பட்டாளத்துக் கதை

தமிழ்நாட்டில் ஒரு படைவீரரை ஊர் உலகம் அறிந்துகொள்வது பெரும்பாலும் அவர் உடல் தேசியக் கொடி போர்த்தி வந்திறங்கும் நாளில்தான். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிரிழந்த மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேரில் ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்தவர். அதுவரை வெளியூரார் அதிகம் கேள்விப்படாத அந்தக் கிராமத்தின் பெயரை மறுநாள் மாநிலமே உச்சரித்தது. இறந்தவருக்கு அந்த மரியாதை தகும். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அதே அரியலூரிலும் பக்கத்துப் பெரம்பலூரிலும், பதினைந்து பதினேழு ஆண்டுகள் எல்லையில் கழித்துவிட்டு, நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்று, உயிரோடு ஊர் திரும்புகிறவர்கள்தாம் மிகப் பலர். அவர்களுடைய திரும்புதலில் நாடகம் இல்லையென்று நாம் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். இந்த முடிவை நமக்குப் பழக்கிக் கொடுத்ததில் தமிழ் சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. வீரன் செத்தால் காவியம், பிழைத்தால் கதை முடிந்தது என்ற அதன் வழக்கம் எதைச் சாதித்தது, எதை இழந்தது என்று பார்ப்பது இப்போது அவசியமாகிறது.

முதலில் அந்த வழக்கத்தைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ளலாம். நம் படங்களில் பட்டாளத்துக்காரனுக்குப் பொதுவாக மூன்று வழிகளே உண்டு. ஒன்று, அவன் களத்தில் உயிரைக் கொடுப்பான். 1962 சீனப் போரைப் பின்னணியாகக் கொண்டு 1963இல் வந்த ‘இரத்தத் திலகம்’ முதல், மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைச் சொன்ன 2024இன் ‘அமரன்’ வரை இந்த வழி நீள்கிறது. இரண்டு, அவன் விடுப்பில் வருவான். வந்த இடத்தையும் களமாக்கிவிடுவான். ‘துப்பாக்கி’யின் நாயகன் மும்பைக்கு லீவில் வருகிறான், வீட்டார் பெண் பார்க்க அழைத்துப்போகிறார்கள், ஆனால் படத்தின் உயிர் அவன் வேட்டையாடும் தீவிரவாதிகளிடம்தான் இருக்கிறது. மூன்று, ராணுவம் வெறும் முன்கதையாகிவிடும்: மீசையும் மிடுக்கும் கண்டிப்பும் உள்ள ஓய்வுபெற்ற அப்பா, ரம் பாட்டிலோடு போர்க்கதை அளக்கும் சித்தப்பா. இந்த மூன்றிலும் விடுபட்டுப் போவது ஒரே விஷயம்தான். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வந்தவன் மறுநாள் காலை என்ன வேலைக்குப் போகிறான், மனைவியோடு என்ன பேசுகிறான், ராத்திரி தூங்குகிறானா என்ற கேள்வி.

இதை சினிமாவின் குற்றமாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது; வேர் பழையது. நடுகல் மாண்டவனுக்கு நட்டது; மீண்டவனுக்குக் கல் இல்லை. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடியது செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. அதில் கடைதிறப்பு என்றொரு பகுதி வருகிறது. போருக்குப் போன கணவர் வரத் தாமதித்ததால் ஊடிக் கதவடைத்திருக்கும் பெண்களைப் பார்த்துக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறான் கவிஞன். போரிலக்கியம் ஒன்று இப்படித் தெருவில் நின்று வீட்டுக் கதவைத் தட்டுவது எவ்வளவு நுட்பமான தொடக்கம்! பிரிந்திருந்தவளின் கோபமும் ஏக்கமும் அங்கே பேசப்படுகின்றன. ஆனால் பரணியின் கவனம் பிறகு காளி கோயிலுக்கும் பேய்களுக்கும் தளபதி கருணாகரத் தொண்டைமானின் படைக்கும் போய், களத்தில் கூழ் அடுவதில் நிறைவடைகிறது. கதவு திறந்த பிறகு உள்ளே நுழைந்தவன் யார், போனவனே திரும்பினானா என்பதைப் பாட அந்த இலக்கண மரபில் இடமில்லை. வாசல்வரை வந்து நின்றுவிடும் இந்தப் பண்பைத்தான் நம் திரையும் தெரிந்தோ தெரியாமலோ சுவீகரித்துக்கொண்டது.

வாசலைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு உலக சினிமாவில் முதன்மையான சான்று, 1946 நவம்பரில் வெளிவந்த வில்லியம் வைலரின் ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’. இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்று பேர் ஒரே விமானத்தில் பூன் சிட்டி என்ற கற்பனை நகரத்துக்குத் திரும்புகிறார்கள். அல் வங்கி அதிகாரி. தரைப்படையில் சார்ஜென்ட்டாக இருந்தவர். ஃபிரெட் மருந்துக்கடையில் சோடா ஊற்றிக்கொடுத்தவன். விமானப்படையில் கேப்டனாகிப் பதக்கங்கள் வாங்கியவன். ஹோமர் கடற்படைச் சிப்பாய். இரண்டு கைகளையும் இழந்து இரும்புக் கொக்கிகளோடு வருகிறான். போர்க்களக் காட்சி ஒன்றுகூட இல்லாத இந்தப் படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுகிறது. போரில் கிடைத்த தகுதி ஊரில் தலைகீழாகிவிடுவதே அதன் முதல் கண்டுபிடிப்பு. சார்ஜென்ட் பதவி உயர்வோடு வங்கிக்குத் திரும்புகிறார். கேப்டனோ அதே மருந்துக்கடையில், தனக்குக் கீழே இருந்தவனின் மேற்பார்வையில் நிற்கிறான். குண்டுவீச்சு விமானத்தில் குறி பார்க்கத் தெரிந்தது எந்த வேலைக்கும் தகுதியாகவில்லை. வீரத்தைப் போற்றும் சமூகம் வீரனை எந்த இடத்தில் உட்கார வைக்கிறது என்பதை இதைவிட எளிமையாகச் சொல்லிவிட முடியாது.

படத்தின் சாதனை இந்தக் கருத்தில் மட்டுமில்லை, அதைக் காட்டும் நிதானத்தில் இருக்கிறது. ஹோமராக நடித்த ஹரால்ட் ரஸ்ஸல் தொழில்முறை நடிகர் அல்ல. 1944 ஜூன் 6 அன்று பயிற்சி முகாமில் வெடிபொருள் வெடித்து உண்மையாகவே இரு கைகளையும் இழந்த ராணுவ வீரர். தான் காதலித்த பெண்ணிடம் ஹோமர் தன் அறைக்கு வந்து பார்க்கச் சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தோள்பட்டையை அசைத்து, வாரோடு சேர்ந்த கொக்கிகளைக் கழற்றிப் படுக்கையில் போடுகிறான். இனி கதவு சாத்திக்கொண்டால்கூடத் தன்னால் திறக்க முடியாது என்று சொல்கிறான். அவள் பதறவில்லை, விலகவில்லை. அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள். கேமரா விலகுவதும் இல்லை, நெருங்கி உருகுவதும் இல்லை. இன்னொரு காட்சியில் ஃபிரெட், என்ஜின் பிடுங்கப்பட்டு வரிசை வரிசையாக நிற்கும் கழிவு விமானங்களுக்கு நடுவே போய், ஒன்றின் மூக்குப் பகுதியில் தன் பழைய இடத்தில் ஏறி உட்காருகிறான். அவனுக்கு வியர்க்கிறது, ஓடாத விமானம் அவனுக்குள் பறக்கிறது. அவனைக் கீழே இறங்கச் சொல்லும் ஆள் அந்த விமானங்களை உடைத்து வீடு கட்டும் பொருளாக்குகிறவன். அவனிடமே ஃபிரெட் வேலை கேட்கிறான். போர் எந்திரம் வீடாக மாறும் அந்த இடத்தில் ஒரு மனிதனும் மாறுவதற்கு வழி கேட்கிறான் என்பதை வசனம் அறிவிப்பதில்லை. கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவு அருகையும் தொலைவையும் ஒரே கூர்மையோடு காட்டுவதால், முன்னே ஒருவர் சிரிக்கும்போது பின்னே ஒருவர் உடைவதை நாமே கண்டுபிடிக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும் என்று பார்வையாளனை இழுக்காத இந்த மரியாதை, திரும்பி வந்தவர்களுக்குக் காட்டும் மரியாதையும் ஆகிறது.

சிறந்த படம், சிறந்த இயக்குநர் உள்ளிட்ட 7 ஆஸ்கர்களை வென்ற இந்தப் படத்தைக் குறையற்றது என்று தூக்கிப் பிடிக்கவும் முடியாது. மூவரின் காயத்துக்கும் மருந்தாகப் பெண்களே வைக்கப்படுகிறார்கள்: பொறுமையான மனைவி, விசுவாசமான காதலி, புரிந்துகொள்ளும் இளம்பெண். பொறுமையில்லாதவளாக வரும் ஃபிரெட்டின் மனைவி மட்டும் இழிவாகக் காட்டப்பட்டு வெளியேற்றப்படுகிறாள். போர்க்காலத்தில் அந்தப் பெண்கள் தனியாகக் குடும்பம் நடத்தியதும் வேலைக்குப் போனதும் போகிற போக்கில் சொல்லப்படுகின்றனவே தவிர, அவர்களுக்கென்று ஒரு திரும்புதல் இல்லை. கறுப்பினப் படைவீரர்களுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. 1944இன் படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் கடனும் கல்வியும் தென் மாநிலங்களில் அவர்களில் பலருக்கு நடைமுறையில் மறுக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு இந்த மௌனம் உறுத்தும். மூன்றாவது குறை இன்னும் அடிப்படையானது. அடமானம் ஏதுமில்லாத ஒரு முன்னாள் வீரர் நிலம் வாங்கக் கடன் கேட்டு வரும்போது, அல் அவர் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்துவிடுகிறார். அந்த நல்ல மனம் நம்மை நெகிழ்த்துகிறது. ஆனால் நல்ல மனம் இல்லாத மேலாளரிடம் மாட்டிக்கொண்டவன் கதி என்ன என்ற கேள்வியைப் படம் தொடர்வதில்லை. அமைப்பின் சிக்கலை மனிதரின் நற்குணம் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை அதன் பலவீனம். இருந்தாலும் கேள்வியை வங்கி மேசைக்குக் கொண்டுவந்தது அந்தப் படம்தான். நம் சினிமா இன்னும் அந்த மேசையருகே வரவில்லை.

வர முயன்ற படங்கள் நம்மிடம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1962இல் ஏவி.எம். தயாரிப்பில் பீம்சிங் இயக்கிய ‘பார்த்தால் பசி தீரும்’ இரண்டாம் உலகப்போரின் விமானப்படை நண்பர்கள் இருவரைப் பற்றியது. ஜெமினி கணேசன் ஏற்ற பாத்திரம் போர்முனையில் ஒரு பெண்ணை மணந்து, குண்டுவீச்சில் அவள் இறந்துவிட்டதாக நம்பி, ஊருக்கு வந்து வேறு மணம் செய்துகொள்கிறது. பின்னால் திரும்பி வரும் சிவாஜியின் பாத்திரம், பார்வையிழந்து மகனோடு நிற்கும் அந்த முதல் மனைவியைக் கண்டு காப்பாற்றுகிறது; நண்பனின் குடும்பம் குலையாமலிருக்க உண்மையை மறைத்து, ஊராரின் சந்தேகத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது. வைலரிடம் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. போர் முடிந்த பிறகும் தோழனின் பிள்ளைக்கும் மனைவிக்கும் தான் கடன்பட்டவன் என்ற உணர்வு, நம் குடும்ப அமைப்பிலிருந்தே பிறந்த அறம். பிறன்மனைவியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவனைத் தெரு எப்படிப் பார்க்கும் என்பதும் நம் மண்ணுக்கே உரிய உண்மை. ஆனால் போர் இந்தக் கதையில் கணவன் மனைவியைப் பிரிக்கும் வேலையை முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வெள்ளமோ ரயில் விபத்தோ பிரித்திருந்தாலும் திரைக்கதையில் பெரிய மாற்றம் தேவைப்பட்டிருக்காது. அந்த இருவருக்குள்ளும் போர் என்ன செய்தது என்பதைப் படம் கேட்கவில்லை. 1966இல் கே. பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ இன்னொரு வழியில் நெருங்கியது. பார்வையிழந்த ஓய்வுபெற்ற மேஜர், கொலை செய்துவிட்டு ஓடிவந்தவனுக்கு அடைக்கலம் தருகிறார். கொல்லப்பட்டவன் தன் இளைய மகனே என்று பிறகு அறிகிறார். ராணுவத்தில் படிந்த ஒழுக்கம் வீட்டுக்குள் வந்து மகன்களோடு மோதும்போது என்ன ஆகும் என்ற நல்ல கேள்வி அங்கே எழுந்தது. மேஜராக நடித்த சுந்தர்ராஜன் பெயரோடு ‘மேஜர்’ நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது அந்தப் பாத்திரத்தின் வலிமைக்குச் சாட்சி. எனினும் அங்கே ராணுவம் ஒரு மனிதரின் குணத்துக்குச் சுருக்கப் பெயராகவே நின்றது, அவர் கடந்துவந்த அனுபவமாக விரியவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் 1 கோடியே 60 லட்சம் பேர் படையில் சேவை செய்தார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் திரும்பினார். அதனால் அந்தக் கதை எல்லோருடைய கதையானது. நம் எல்லை வெகு தூரம். பட்டாளத்துக்குப் போவது சில ஊர்களின், சில குடும்பங்களின் வாழ்க்கை. பின் எதற்கு இந்த எதிர்பார்ப்பு என்று கேட்கலாம். இந்த வாதத்தில் பாதி உண்மைதான். ஆனால் அதே உலகப்போரில் இந்தியாவிலிருந்து சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். கட்டாயம் இல்லாமல் திரட்டப்பட்ட உலகின் மிகப் பெரிய படை அது. சென்னை மாகாணம் அதற்குப் பெருமளவு ஆட்களைக் கொடுத்தது. மலேயாவிலும் பர்மாவிலும் நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்கள் தோற்ற படையின் வீரர்களாகத் திரும்பினார்கள். அதில் இருந்த முன்னாள் ராணுவத்தினரைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம்கூடத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரே ஊருக்கு ஒருவன் பிரிட்டிஷ் சீருடையிலும் இன்னொருவன் அதை எதிர்த்த சீருடையிலும் திரும்பிய காலம் அது. இதைவிட அடர்த்தியான நாடகத்தை எந்த எழுத்தாளரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஆட்கள் இல்லாததாலோ நிகழ்ச்சிகள் இல்லாததாலோ அந்தக் கதை வராமல் போகவில்லை. வீட்டுக்குள் நடப்பதைப் போரின் பகுதியாகப் பார்க்கும் கண் நமக்கு வாய்க்காததாலேயே வரவில்லை.

அந்தக் கண்ணோடு பெரம்பலூரையும் அரியலூரையும் பார்த்தால் வைலரின் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத பொருள் இருக்கிறது. பெரும்பகுதி மானாவாரி பூமி. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரி. மழை தவறினால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதாலேயே மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தரும் பட்டாளம் ஒரு வீட்டின் நங்கூரமாகிறது. அப்படிப் போனவர் ஹவில்தாராகத் திரும்பும்போது ஊர் மாறியிருக்கிறது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் பூமியைச் சிமெண்ட் ஆலைகளின் சுரங்கங்கள் தோண்டியிருக்கின்றன. பிள்ளைகள் அவரை லீவுக்கு வந்துபோகும் விருந்தாளியாகவே பழகியிருக்கிறார்கள். பத்துப் பேருக்கு உத்தரவிட்டவருக்கு இங்கே எளிதில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் காவலாளி வேலைதான். 1986இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ, முன்னாள் வீரர்களுக்கு மறுவேலை தரும் நல்ல நோக்கமுள்ள நிறுவனம். பல குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. ஆனால் சல்யூட் வாங்கிய கை கேட்டில் நின்று கார்களுக்குச் சல்யூட் வைக்கும்போது அந்த மனிதருக்குள் என்ன நடக்கிறது என்பதை எந்தத் திட்டமும் பதிவு செய்யாது. அது கலையின் வேலை. ஃபிரெட் மருந்துக்கடைக்குத் திரும்பும் காட்சிக்கு நிகரானது நம் ஊர் ஆலை வாசலில் தினம் நடக்கிறது. அல்லின் வங்கி மேசையும் இங்கே வந்துவிட்டது. 2024 சுதந்திர தின உரையில் தமிழ்நாடு அரசு அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம், தொழில் தொடங்கும் முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனுக்கு வழிசெய்து, 30 விழுக்காடு மூலதன மானியமும் தருகிறது. அமெரிக்கப் படம் தனிமனிதரின் நல்லெண்ணத்திடம் விட்டதை அரசு விதியாக்கியிருப்பது முன்னேற்றம். அந்தக் கடன் மனுவோடு கிளை மேலாளர் முன் உட்காரும் முன்னாள் நாயக் தன்னைப் பற்றி என்ன சொல்வார், எதைச் சொல்லத் தெரியாமல் தவிப்பார் என்பதுதான் இன்னும் எழுதப்படாத காட்சி.

வீரரின் தடுமாற்றத்தைக் காட்டுவது படையை இழிவுபடுத்துவதாகாதா என்பது அடுத்த மறுப்பு. அச்சத்தையும் மனச்சோர்வையும் குடும்பச் சண்டையையும் திரையில் வைத்தால் இளைஞர்கள் படையில் சேரத் தயங்குவார்கள் என்றும் சொல்லப்படுவதுண்டு. வைலரின் படமே இதற்குப் பதில். போரில் வென்ற நாடு, வெற்றியின் சூடு ஆறுவதற்குள், தன் வீரர்கள் வேலையின்றி, கனவில் அலறி, குடித்துத் தடுமாறுவதைப் பெருங்கூட்டமாகப் போய்ப் பார்த்தது. அதனால் அந்த வீரர்கள் மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருவரை முழு மனிதராகப் பார்ப்பதில் அவமானம் ஏதுமில்லை. மாறாக, இறந்தால்தான் நீ பெரியவன் என்று ஓயாமல் சொல்லும் படங்கள், உயிரோடு வந்தவரிடம் அவர் ஏதோ குறைவாகச் செய்துவிட்டார் என்ற சேதியைச் சொல்லாமல் சொல்கின்றன. ‘அமரன்’ நேர்மையாக எடுக்கப்பட்ட படம். கணவனை இழந்தவளின் நினைவு வழியே சொல்லப்பட்டதால் வீட்டின் காத்திருப்பும் அதில் இடம்பெற்றது. அதன் வெற்றி மக்கள் இந்தப் பொருளைக் கேட்கத் தயாராக இருப்பதைக் காட்டுகிறது. அந்தத் தயார்நிலையை உயிரோடு திரும்புகிறவர் பக்கம் திருப்புவதுதான் மிச்சமுள்ள வேலை.

திருப்பும்போது வைலரின் மௌனங்களை நாம் சுமக்க வேண்டியதில்லை. திரும்பி வருகிறவனின் சாதி என்ன, எந்தத் தெருவுக்கு அவன் திரும்புகிறான் என்பது தமிழ்நாட்டில் தவிர்க்க முடியாத கேள்வி. 2024இல் வந்த ‘கேப்டன் மில்லர்’ அதைத் தொட்டது. ஊரில் மறுக்கப்பட்ட மரியாதையைத் தேடி வெள்ளையர் படையில் சேரும் ஒருவன், அந்தப் படையின் கொடுமையைச் செய்துவிட்டுத் திரும்புகிறான். ஊரும் அவனை ஏற்பதில்லை. அருமையான தொடக்கம். ஆனால் சிறிது நேரத்திலேயே துப்பாக்கிச் சூடும் பழிவாங்கலும் கேள்வியை மூழ்கடித்துவிடுகின்றன. சீருடையில் சமமாக நின்றவன் ஊர்த் திருவிழாவில் எங்கே நிற்கிறான் என்பதைச் சண்டையின்றி, உரத்த வசனமின்றி ஒரு படம் காட்டினால், வைலர் கறுப்பின வீரர்களிடம் தவறவிட்டதை நாம் செய்து காட்டியவர்களாவோம். அதேபோல, கணவன் இல்லாத பதினேழு ஆண்டுகளும் நிலத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் மாமியாரின் மருத்துவத்தையும் தானே பார்த்துக்கொண்ட பெண், அவர் வந்ததும் அந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி நம் படத்தின் மையத்துக்கே வரலாம். பரணியின் பெண்கள் கதவைத் திறந்த பிறகு பேசாமல் போனதை அவள் பேசுவாள்.

இது அவசரமான கேள்வியும்கூட. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் பணிக்காலம் நான்கு ஆண்டு; அதன் பிறகு நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுகிறவர்கள் 25 விழுக்காடு வரைதான். மற்றவர்கள் ஓய்வூதியம் இன்றி, சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியோடு இருபத்தைந்து வயதையொட்டி வீடு திரும்புவார்கள். முதல் அணியினர் 2026 இறுதியிலிருந்து வரத் தொடங்குவார்கள். திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வரும் பெரம்பலூர், அரியலூர் ஊர்களிலும் ஒரே வயதில், ஒரே நேரத்தில், கையில் கொஞ்சம் பணத்தோடும் தெளிவற்ற எதிர்காலத்தோடும் இளைஞர்கள் இறங்கப்போகிறார்கள். திரும்புதல் சில குடும்பங்களின் கதை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இனி இடமில்லை. அரசு அவர்களுக்கு வேலையும் கடனும் யோசிக்கட்டும். அவர்களைப் புரிந்துகொள்ளும் மொழியை உருவாக்குவது எழுத்துக்கும் திரைக்கும் உரிய கடமை. அந்த மொழி இல்லாத ஊரில், திரும்பி வந்தவன் தன் மௌனத்தைத் தன் குற்றமாகவே எடுத்துக்கொள்வான். அவனுக்கு ஒரு நல்ல படம் வேலை வாங்கித் தராது. ஆனால் அவனை எதிர்கொள்ளும் வங்கி மேலாளருக்கும் ஆலை அதிகாரிக்கும் மனைவிக்கும் அப்பனுக்கும், எதிரே நிற்பவன் எங்கிருந்து வருகிறான் என்பதை அது சொல்லிக்கொடுக்கும். போரைப் படமெடுக்க நமக்குத் தொழில்நுட்பமும் பணமும் சேர்ந்துவிட்டன. வீட்டைப் படமெடுக்கத் தேவையானது பொறுமை மட்டுமே. அதைக் கொடுக்க முன்வரும் முதல் தமிழ் இயக்குநர், பரணிக் காலத்திலிருந்து பாதியில் நிற்கும் ஒரு கதையை முழுமையாக்குவார்.